பாக்கிச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பொன்மொழி சொல்லுதல்

ஓட்டல் வாசத்தைப் பற்றி உலகப் பெரியோர் உதிர்த்த நகைமொழிகள் என்றொரு தொகுப்பு எங்கேனும் எப்போதும் நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. வார இதழ்களின் துணுக்குப் பகுதி, பயணக் கட்டுரைகளின் முகப்பு, கல்லூரி ஆண்டு மலரில் காலியாகக் கிடக்கும் அரைப்பக்கம், விடுதி அறையில் தலையணைமீது வைக்கப்படும் அட்டை என்று அது குடியேறாத இடமில்லை. ஆஸ்கார் வைல்டு சுவர்த்தாளோடு சண்டையிட்டது, யூஜின் ஓ'நீல் தம் பிறப்பையும் சாவையும் ஓட்டலறையோடு சேர்த்துச் சொன்னது, கான்ராட் ஹில்டன் குளியல்தொட்டித் திரையைப் பற்றிச் சொன்னதாகச் சொல்லப்படுவது ஆகிய மூன்றும் இத்தொகுப்புகளில் ஏறக்குறைய நிரந்தர உறுப்பினர்கள். வாசகர் சிரிக்கிறார், அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். இதில் என்ன கேடு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேடு இருக்கிறது என்பதே நம் கட்சி.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊர் வழக்கில் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை; தங்குவதற்கு லாட்ஜ். இக்கட்டுரையில் ஓட்டல், விடுதி ஆகிய இரண்டும் தங்குமிடத்தையே குறிக்கும்.

இத்தொகுப்புகள்மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு மூன்று பகுதிகளைக் கொண்டது. ஒன்று, சொன்னவர் எந்த நிலையில் நின்று சொன்னார் என்பதை இவை அறுத்தெறிகின்றன. இரண்டு, விருந்தினரின் வாயை மட்டுமே கேட்கின்றன; அறையைப் பெருக்கியவரும் பாக்கிக்குக் காத்திருந்தவரும் என்ன சொன்னார்கள் என்று கேட்பதில்லை. மூன்று, அறையே மறுக்கப்பட்டவர்கள் சொன்னவற்றை விடுதி பற்றிய சொற்களாகவே இவை எண்ணுவதில்லை. சிரிப்பை நாம் எதிர்க்கவில்லை. நனைந்த சோப்பையும் மெல்லிய சுவரையும் பக்கத்து அறைக் குறட்டையையும் பற்றிய ஆயிரம் கேலிகள் இருக்கின்றன. அவற்றால் யாருக்கும் நட்டமில்லை. நாம் பேசுவது நிலைத்துவிட்ட சொற்களைப் பற்றி.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு புதிதாக இருக்கக் கூடாது. ஏனெனில் சொல்லையும் சந்தர்ப்பத்தையும் பிரிக்காமல் காப்பது நம் மரபின் பழக்கம். புறநானூற்றின் பாடல்களை நாம் வெறும் பாடல்களாகப் பெறவில்லை. பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், எந்த நிலையில் பாடியது என்று அடியில் ஒரு பழங்குறிப்பு நிற்கிறது. 206ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஔவையார் வாயில்காவலனைப் பார்த்துப் பேசுகிறார். உலகத்தில் அறிவும் புகழும் உடையோர் இன்னும் செத்துப்போய்விடவில்லை, மழுவோடு காட்டுக்குள் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு எங்கும் மரம் கிடைப்பதுபோல நமக்கும் போகிற திசையெல்லாம் சோறு கிடைக்கும் என்று யாழையும் பையையும் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். குறிப்பில்லாமல் படித்தால் இது தன்னம்பிக்கை பற்றிய அருமையான வாசகம். நாட்காட்டியின் அடியில் அச்சிடலாம். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் காலம் நீட்டித்தபோது பாடியது என்ற குறிப்போடு படித்தால், அது காத்திருக்க வைக்கப்பட்ட விருந்தாளி ஒருத்தியின் கோபம். இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் நம் பிரச்சினை.

இன்னும் நெருக்கமான சான்று காளமேகம். 15ஆம் நூற்றாண்டினர் என்று பொதுவாகக் கருதப்படும் இப்புலவர், நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவனுடைய சத்திரத்துக்குப் பசியோடு போனதாகத் தனிப்பாடல் மரபு சொல்கிறது. சாப்பாடு வரத் தாமதமாயிற்று. புலவர் வெண்பாவாகத் தீர்த்துவிட்டார். சூரியன் மறையும் நேரத்தில்தான் அரிசி வந்து சேரும். குத்தி உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடும். ஓர் அகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்பது அதன் பொருள். தங்கும் இடத்தைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்ட நகைமொழிகளில் இதற்கு இணையான ஒன்றை நாம் அறியோம். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. சத்திரத்துக்காரன் ஓடிவந்து மன்றாடுகிறான். தன் பெயர் ஊர் ஊராக நாறிவிடுமே என்று அஞ்சுகிறான். புலவர் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொல்கிறார். உலகில் அரிசி கிடைக்காத பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும். உலையில் இட்டால் ஊராரின் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளிக்கோளும் தோற்கும் என்று வசை வாழ்த்தாகிறது.

இக்கதை நடந்ததா என்பது வேறு விசாரணை. நம் முன்னோர் அந்தப் பாட்டை இந்தக் கதையோடு சேர்த்தே கைமாற்றினார்கள் என்பதுதான் இங்கு முக்கியம். பாட்டில் விருந்தாளி இருக்கிறார், பசி இருக்கிறது, நேரம் இருக்கிறது, சத்திரத்துக்காரனின் பெயர் இருக்கிறது. அவனுக்குப் பேச வாய்ப்பும் தரப்பட்டிருக்கிறது. அவன் பேசியதால் பாட்டின் பொருளே மாறுகிறது. விடுதி பற்றிய ஒரு நகைமொழியை எப்படிக் காப்பது என்பதற்கு நாகைச் சத்திரம் நமக்குத் தந்திருக்கும் அளவுகோல் இது. இந்த அளவுகோலோடு பாரிசுக்குப் போவோம்.

பாரிசில் ரூ தே போஸார் என்னும் தெருவில் 13ஆம் எண் கட்டடம் அன்று ஓட்டல் தல்சாஸ் என்ற எளிய விடுதி. இரண்டாண்டுக் கடுங்காவலை முடித்து 1897 மே மாதம் வெளிவந்த வைல்டு, இங்கிலாந்தை விட்டு நீங்கி செபாஸ்டியன் மெல்மாத் என்ற பொய்ப்பெயரில் ஓட்டல் ஓட்டலாக அலைந்தார். இறுதியில் வந்து சேர்ந்த இடம் இது. 1900 நவம்பர் 30 அன்று 46 வயதில் இங்கேயே இறந்தார். தானும் சுவர்த்தாளும் சாகும்வரை சண்டையிட்டுக்கொண்டிருப்பதாகவும், இருவரில் ஒருவர் போயாக வேண்டும் என்றும் அவர் சொன்ன சொல்லைத் தொகுப்புகள் கடைசி வார்த்தை என்று அச்சிடுகின்றன. அது கடைசி வார்த்தை அன்று. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் பார்க்க வந்த ஒரு பெண்மணியிடம் சொன்னது. கடைசி நாளில் அவரால் பேசவே இயலவில்லை. தொகுப்பாளருக்கோ சாவின் வாசலில் நின்று சிரிக்கும் மேதை வேண்டும். ஆகவே பேச்சிழந்து கிடந்த மனிதர் வாயில், பல நாட்களுக்கு முந்தைய பேச்சைத் திணித்துவிட்டார்கள்.

தன் வசதிக்கு மீறிச் சாவதாக அவர் சொன்ன இன்னொரு வாக்கியமும் இதே கதிக்கு ஆளானது. அதன் பின்னால் ஒரு நேரடியான உண்மை இருக்கிறது: பாக்கி. வைல்டிடம் பணமில்லை. ஓட்டல் உரிமையாளர் ழான் துப்புவாரியே கடனுக்கு அறையைக் கொடுத்திருந்தார். அதற்கு முன் வேறொரு விடுதியில் பாக்கிக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த வைல்டின் உடைமைகளைத் தன் காசைக் கட்டி மீட்டுக்கொடுத்தவரும் அவரே. அந்த மனிதர் பணக்காரரல்லர். தெருவிலிருந்த ஒரு சாதாரண விடுதியின் சொந்தக்காரர். வைல்டு இறந்த பிறகு, பொய்ப்பெயரில் ஒருவரைத் தங்க வைத்திருந்ததால் எழுந்த அதிகாரிகளின் கேள்விகளும் அந்த வீட்டு வாசலுக்கே வந்தன. நண்பர் ராபர்ட் ராஸ் பின்னாளில் அந்தக் கடனைத் தீர்த்தார்.

சவ அடக்கத்தின்போது துப்புவாரியே ஒரு மணிமாலை வளையம் வைத்தார். அதில் இருந்த வாசகம் "என் அறைவாசிக்கு" என்பது மட்டுமே. மகாகவிக்கு என்றோ, நண்பருக்கு என்றோ இல்லை. தனக்கும் அவருக்கும் இருந்த உறவு எதுவோ அதை மட்டும் சொன்னார். இங்கிலாந்தின் மேடைகள் பெயரை அழித்துவிட்ட ஒருவரை, பாக்கி வைத்துவிட்டுப் போன ஒருவரை, என்னுடையவர் என்று ஒரு விடுதிக்காரர் உரிமை கொண்டாடுகிறார். ஓட்டல் வாசத்தைப் பற்றி உலகில் எழுதப்பட்ட மிகச் சிறந்த சொற்களில் ஒன்று இது என்பது நம் துணிபு. சுவர்த்தாள் வாசகம் இருக்கும் பக்கத்தில் இதையும் அச்சிட்ட துணுக்குத் தொகுப்பு எதையும் நாம் கண்டதில்லை.

அந்தக் கட்டடம் பின்னர் லோத்தெல் என்ற பெயரில் ஆடம்பர விடுதியாயிற்று. அங்கே வைல்டின் பெயரால் ஓர் அறை உண்டு. அன்று பாக்கி கேட்டு அவருக்கு எழுதிய கடிதம் அந்த அறைக்கு அலங்காரப் பொருளாயிற்று. கொடுக்க முடியாமல் போன கடனைச் சட்டமிட்டு மாட்டி, அதன் கவர்ச்சியால் புதிய வாடகை வாங்கும் வணிகம் இது. வணிகர்கள் அதைச் செய்யட்டும், அது அவர்கள் தொழில். ஆனால் இலக்கியத் துணுக்குகளைத் தொகுப்போரும் அதையே ஏன் செய்ய வேண்டும்? வறுமையை நீக்கிவிட்டு வார்த்தையை மட்டும் வைல்டிடமிருந்து எடுத்துக்கொள்கிற தொகுப்பாளர், ஓட்டலின் விளம்பரப் பிரிவுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்.

ஓ'நீலுக்கு வருவோம். 1888இல் நியூயார்க்கின் பிராட்வேயில் பாரெட் ஹவுஸ் என்னும் ஓட்டலில் பிறந்தார்; 1953 நவம்பர் 27 அன்று பாஸ்டனில் ஓர் ஓட்டலறையில் இறந்தார். ஓட்டலறையில் பிறந்து பாழாய்ப்போன ஓட்டலறையிலேயே சாகிறேன் என்று கடைசியில் சொன்னதாகப் பதிவு. தற்செயலின் விந்தையை ரசிப்பதுபோல இதை மேற்கோள் காட்டுகிறார்கள். விந்தை ஒன்றுமில்லை. தந்தை ஜேம்ஸ் ஓ'நீல் ஊர் ஊராக மான்டே கிரிஸ்டோ நாடகம் நடத்திய நடிகர். குடும்பத்துக்கு வீடு என்பது பெரும்பாலும் அடுத்த ஊர் விடுதிதான். யூஜினின் பிறப்பையொட்டித்தான் தாய் மார்பின் பழக்கத்துக்கு ஆளானார். 1956இல் வெளிவந்த 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தில் அந்தத் தாயின் சாயலில் அமைந்த பாத்திரம், மட்டமான ஓட்டல்களையும் மலிவான ஓட்டல் வைத்தியனையும் சபித்துக்கொண்டே இருக்கிறாள். மரணப் படுக்கையின் அந்த ஒரு வரி நாடகம் முழுக்க ஏற்கெனவே ஓடியதுதான். நாடகத்தை விட்டுவிட்டு வரியை மட்டும் தூக்கிக்கொண்டு போவது, மரத்தை வெட்டிவிட்டு நிழலைப் புகழ்வதற்கு ஒப்பானது.

ஓட்டலைப் புகழ்ந்தவர்களிலும் இதே கதைதான். தம்மை ஓட்டல் குடிமகன் என்று அழைத்துக்கொண்ட ஜோசப் ரோத், மற்றவர்கள் வீட்டுக்கும் மனைவிக்கும் திரும்புவதுபோலத் தாம் வரவேற்பறை விளக்குக்கும் பணிப்பெண்ணுக்கும் திரும்புவதாக எழுதியவர். பயணப் பத்திரிகைகளுக்கு இது தேனான வாசகம். ரோத் பிறந்த ப்ரோடி நகரம் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. 1918இல் அந்தப் பேரரசே இல்லாமல் போயிற்று. மனைவி ஃப்ரீடல் மனநோய்க்கு ஆளானார். பின்னர் 1940இல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். இட்லர் பதவியேற்ற 1933 ஜனவரி 30 அன்றே ரோத் பெர்லினிலிருந்து ரயிலேறினார். பாரிசில் அவர் நெடுநாள் தங்கிய ஓட்டல் ஃபுவாயோ 1937இல் இடிக்கப்பட்டது. 1939 மே 22 அன்று இன்னொரு அகதி எழுத்தாளரான எர்ன்ஸ்ட் டோலர் நியூயார்க்கில் மேஃப்ளவர் ஓட்டலில் தற்கொலை செய்துகொண்டார். செய்தி கேட்டுச் சரிந்து விழுந்த ரோத் மே 27 அன்று மருத்துவமனையில் இறந்தார். நாட்டைப் பறிகொடுத்தவருக்குத் தன்னைக் குடிமகனாக ஏற்க மிச்சமிருந்த ஒரே குடியரசு ஓட்டல்தான். அந்த வாக்கியத்தை உல்லாசப் பயணத்தின் முழக்கமாக்குவதில் உள்ள அறியாமையை என்னவென்று சொல்வது?

ஆனாலும் ரோத்திடம் ஒரு நேர்மை இருந்தது. விருந்தாளியாகத் தம் பெருமையை மட்டும் அவர் எழுதவில்லை. 1929இல் ஃபிராங்க்ஃபுர்ட்டர் ட்சைட்டுங் நாளிதழில் எழுதிய ஓட்டல் வரிசையில் வரவேற்பாளரையும் வயோதிகப் பரிசாரகரையும் சமையற்காரரையும் அறை பெருக்கும் ஆனெத் அம்மையாரையும் தனித்தனிக் கட்டுரைகளில் நிறுத்தினார். அதே 1929இல் பாரிசின் இன்னொரு ஓட்டலில் ஜார்ஜ் ஆர்வெல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பளபளக்கும் உணவுக்கூடத்துக்கும் அழுக்கு மண்டிய சமையலறைக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது என்பதை 1933இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார். கதவுக்கு அந்தப் பக்கத்திலும் பேச்சு இருந்தது, ஏச்சு இருந்தது, சிரிப்பும் இருந்தது. நம் தொகுப்பாளர்கள் அந்தக் கதவைத் திறப்பதே இல்லை.

அந்தக் கதவு எப்படிச் சாத்தப்பட்டது என்பதற்கும் ஒரு பொன்மொழியே சான்று. வாடிக்கையாளர் ஒருபோதும் தவறு செய்வதில்லை என்பது செசார் ரிட்ஸின் பெயரால் வழங்கும் வாசகம். ரிட்ஸ் 1850இல் சுவிட்சர்லாந்தின் நீடர்வால்ட் என்ற மலைக்கிராமத்தில் விவசாயக் குடும்பத்தின் 13ஆவது குழந்தையாகப் பிறந்தவர். பரிசாரகராகத் தொடங்கி 1898இல் பாரிசில் தம் பெயரிலேயே அரண்மனை போன்ற ஓட்டலைத் திறந்தவர். 1902இல் மனமுறிவுக்கு ஆளானார். அதன்பின் முழுதாக மீளாமலே 1918இல் இறந்தார். அந்த வாசகத்தைச் சேவையின் உச்சமாகப் போற்றுகிறோம். சத்திரத்துக்காரன் எதிரே நின்று பேசும் உரிமையை ரத்து செய்யும் ஆணை அது என்பதை யோசிப்பதில்லை. நாகைக் காத்தான் இந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தால் வெண்பாவுக்கு இரண்டாம் பொருள் கிடைத்திருக்காது.

ஹில்டன் கதையும் இங்கே பொருந்தும். வாழ்நாள் அனுபவத்தின் சாரத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, குளிக்கும்போது திரையைத் தொட்டிக்கு உள்பக்கமாகத் தொங்கவிடுங்கள் என்றாராம். ஒரு தொகுப்பில் இது தொலைக்காட்சிப் பேட்டி. இன்னொன்றில் மரணப் படுக்கை. இடமே இப்படி மாறிக்கொண்டிருக்கும்போது ஆதாரத்தை எங்கே தேடுவது? ஆனாலும் இந்த நகைச்சுவையின் அடியில் ஈரத்தரையும், அதைத் துடைக்கக் குனிகிற ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். கோடீசுவரரின் எளிமையை எண்ணிச் சிரிக்கும்போது துடைப்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவரிடம் கேட்டிருந்தால் திரையைப் பற்றி இன்னும் கூர்மையான வாசகம் கிடைத்திருக்கும்.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. நம்மைப் பொறுத்தவரை இதுவே முதன்மையானது.

1917இல் அம்பேத்கர் அயல்நாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி, உதவித்தொகை தந்த பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கப் போனார். எந்த இந்து விடுதியிலும் இடம் கிடைக்காது என்று தெரியும். பார்சி விடுதி ஒன்று இருந்தது; அங்கே பார்சிகளுக்கு மட்டுமே இடம். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டு, வேறு விருந்தினர் எவருமில்லாத அந்த இருண்ட கட்டடத்தில் தங்கினார். 11ஆம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அறை வாசலில் நின்றது. மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றது. நண்பர்களிடம் அடைக்கலம் கேட்டார், கிடைக்கவில்லை. காமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்து இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் பார்சிக்கும் தீண்டத்தகாதவனே என்று அன்று கற்றுக்கொண்டதைப் பின்னாளில் தன்வரலாற்றுக் குறிப்பாக எழுதினார்.

விடுதிப் பதிவேட்டில் எழுதப்பட்ட இரண்டு பொய்ப்பெயர்களை வாசக நண்பர்கள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பாரிசில் மெல்மாத், பரோடாவில் ஒரு பார்சிப் பெயர். இரண்டும் சமூகம் துரத்திய மனிதர்கள் ஒரு கட்டிலுக்காகச் சூடிக்கொண்டவை. முதலாவது இலக்கிய ரசிகர்களின் செல்லக் கதையாயிற்று. இரண்டாவதை அரசியல் என்று ஒதுக்கிவைத்தார்கள். ஓட்டலில் தங்குவது பற்றிய மறக்க முடியாத கூற்று எது என்று கேட்டால் பரோடாவை நினைக்கும் தொகுப்பாளர் இந்தியாவிலும் அரிது. அதில் நகை இல்லை என்பார்கள். உண்மைதான். தடியோடு நின்றவர்கள் நகைக்க இடம் தரவில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு மறு வரலாறு உண்டு. ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், கருப்பினப் பயணியரை ஏற்கும் விடுதிகளின் பட்டியலை 1936 முதல் வெளியிட்டுவந்தார். பச்சைப் புத்தகம் என்று அறியப்பட்ட அக்கையேட்டின் முன்னுரையில், இதை வெளியிடத் தேவையில்லாத ஒரு நாள் வரும் என்றும், தம் நூலை நிறுத்தும் அந்த நாள் மகத்தான நாளாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார். தம் நூல் விற்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்ட பதிப்பாளர் வேறு யார்? கூர்மைக்கு என்ன குறை? 1960இல் அவர் இறந்தபோது அந்த நாள் வந்திருக்கவில்லை.

1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் ஆற்றிய பேருரையைக் கனவுக்காக உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே உரையில், பயணக் களைப்பால் கனத்த உடல்களோடு வருவோர்க்கு நெடுஞ்சாலை மோட்டல்களிலும் நகரத்து ஓட்டல்களிலும் இடம் கிடைக்காதவரை நிறைவடைய மாட்டோம் என்றும் அவர் சொன்னார். ஓட்டல் பற்றி 20ஆம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட சொற்களில் விளைவு மிகுந்தது இதுதான். 1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டலின் முதலாளி, கருப்பினத்தவருக்கு அறை தர மாட்டேன் என்று வழக்காடினார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமித்து அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

நான்காண்டுகள் கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று, மெம்பிஸ் நகரில் லொரெய்ன் மோட்டலின் 306ஆம் எண் அறைக்கு வெளியே கிங் சுடப்பட்டார். அந்த மோட்டலை நடத்தியவர்கள் வால்டர் பெய்லி, லோரி பெய்லி என்ற கருப்பினத் தம்பதியர். அன்று மாலையே லோரி பெய்லி மூளை ரத்தக்குழாய் வெடித்துச் சாய்ந்தார். கிங் அடக்கம் செய்யப்பட்ட ஏப்ரல் 9 அன்று அவரும் இறந்தார். பாரிசின் துப்புவாரியேக்கு ஒரு மணிமாலை வாசகமாவது எஞ்சியது. இந்த அம்மையார் ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். விடுதிக்கும் விருந்தினருக்கும் உள்ள உறவைப் பற்றி அந்த மௌனம் சொல்வதைவிட அதிகமாகச் சொல்லும் நகைமொழி எதுவும் நம் தொகுப்புகளில் இல்லை.

எதிர்வாதங்கள் இரண்டு எழும் என்பதை அறிவோம். நகைச்சுவைக்கு விளக்கவுரை எழுதினால் நகை செத்துவிடும் என்பது முதலாவது. காளமேகம் இதற்குப் பதில். பசியும் சத்திரமும் தெரியாவிட்டால் அந்த வெண்பா வெறும் நேரக் கணக்கு. தெரிந்தால்தான் சிரிப்பே வருகிறது. வைல்டும் அப்படித்தான். பாக்கி தெரிந்த பிறகு சுவர்த்தாள் வாசகத்தின் சிரிப்பு குறைவதில்லை. அழகையே வழிபட்ட ஒருவர், மாற்றக் காசில்லாத அசிங்கமான சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு சொன்னது என்று அறியும்போது அதன் துணிச்சலே இரட்டிப்பாகிறது.

நல்ல வாசகம் குறளைப்போலத் தனித்து நிற்க வேண்டும், சூழலை எதிர்பார்க்கக் கூடாது என்பது இரண்டாவது. குறள் தனித்து நிற்கவே இயற்றப்பட்டது. ஓட்டலறையில் நோயாளி நண்பரிடம் சொன்ன பேச்சு அப்படி இயற்றப்பட்டதன்று. மேலும் குறளே விருந்தோம்பலுக்குத் தந்த பத்துப் பாடல்களில் இருவரையும் நிறுத்தியிருக்கிறது. மோந்தால் குழையும் அனிச்சத்தோடு விருந்தாளியை ஒப்பிடும்போது, அவரை வாடவைக்கும் முகத்துக்குரிய வீட்டுக்காரரும் அந்தச் சிறிய பாட்டுக்குள் இருக்கிறார். ஒருவரை மட்டும் வைத்து விருந்தைப் பற்றிப் பேச வள்ளுவரே முயலவில்லை. துணுக்குத் தொகுப்பாளர் முயல்கிறார்.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டல் பற்றிய வாசகம் ஒன்றை எடுத்து அச்சிடுகிறவர், மேடையில் சொல்கிறவர், மாணவருக்குக் கற்பிக்கிறவர், புறநானூற்றுக்குக் குறிப்பெழுதிய பெயரறியாப் பெரியோரைப் பின்பற்றி அடியில் ஒரு வரி சேர்க்கட்டும். சொன்னவர் அறை வாடகையைக் கொடுத்தாரா, கொடுக்க முடியாமல் போனாரா? பதிவேட்டில் சொந்தப் பெயரை எழுத முடிந்ததா? விடுதிக்காரர் என்ன சொன்னார்? அதே காலத்தில் அந்த வாசலில் யாருக்கு இடமில்லை என்றார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தேடினால் சில வாசகங்கள் சாயம் போய் உதிரும். சில, துப்புவாரியேயின் மணிமாலையைப் போல, எங்கோ ஒரு கடிதத்தின் மூலையிலிருந்து வெளியே வரும். துணுக்குப் பக்கங்கள் சற்று மெலியும். மெலியட்டும். பக்கத்தை நிரப்ப ஆள் தேவையென்றால் நல்ல சோப்பு விளம்பரங்கள் இருக்கின்றன.